வாய்க்காலுக்கு மேற்கேயும் சிரிக்கட்டும்: புதுச்சேரித் திரைப்படக் கழக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கழக நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க இயக்குநர் ஜான் வாட்டர்ஸ் படங்களை மூன்று நாள் தொடர்ந்து புதுச்சேரியில் திரையிடப் போகிறீர்கள் என்ற அறிவிப்பு போன வாரம் வாட்ஸாப்பில் வந்தபோது நான் கடலூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். வந்த பேருந்தை விட்டுவிட்டு அதை இரண்டு முறை படித்தேன். நம் பக்கத்தில் இந்த மனிதருக்கு ஒரு சிறப்புத் திரையிடல் நடக்கும் என்று பத்து வருஷத்துக்கு முன்பு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். முதலில் அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அறிவிப்பின் கடைசி வரியில் படங்கள் ஆங்கிலத்தில், சப்டைட்டில் ஆங்கிலத்தில், அறிமுக உரையும் கலந்துரையாடலும் ஆங்கிலத்தில் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் போடுங்கள். அறிமுகத்தைத் தமிழில் பேசுங்கள். கேட்க வந்தது இவ்வளவுதான், ஆனால் ஏன் கேட்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வாட்டர்ஸ் பற்றித் தெரியாத நண்பர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் நாலு வரி. 1946 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். அதுவும் நம் கடலூர் மாதிரி ஒரு பழைய துறைமுக ஊர், சுற்றுலாக்காரர்கள் தேடிப் போகிற ஊர் இல்லை. எடுத்த படங்கள் எல்லாவற்றையும் அந்த ஊரிலேயே எடுத்தார், ஹாலிவுட்டுக்குக் குடிபோகவில்லை. 1972-இல் வந்த 'பிங்க் ஃபிளமிங்கோஸ்' படத்தை சுமார் 12,000 டாலரில், அப்பாவிடம் கடன் வாங்கி, கூடத் திரிந்த நண்பர்களையே நடிகர்களாக வைத்து எடுத்தார். நள்ளிரவுக் காட்சிகளில் ஓடி ஓடியே அந்தப் படம் பெயர் வாங்கியது. அவருடைய மேரிலாந்து மாநிலத்துக்கென்று தனியாக ஒரு தணிக்கை வாரியம் இருந்தது, 1916-இல் தொடங்கி 1981 வரைக்கும். அமெரிக்காவில் கடைசியாக மூடப்பட்ட மாநிலத் தணிக்கை வாரியம் அதுதான், அதனோடு பல வருஷம் மல்லுக்கட்டியவர் இவர். அப்படிப்பட்டவரின் அதே படத்தை 2021-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் பாதுகாக்க வேண்டிய படமாகச் சேர்த்தார்கள். 2014-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் அவர் படங்கள் மொத்தத்தையும் திரையிட்டார்கள். ஆஸ்கர் கொடுக்கும் அகாதமியின் அருங்காட்சியகம் 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை அவருக்கென்று ஒரு பெரிய கண்காட்சியே வைத்தது. 2026-இல் அவருக்கு எண்பது. எண்பது என்றால் நம் வீடுகளில் சதாபிஷேகம், ஊரைக் கூட்டிச் சாப்பாடு போடுவோம். ஊரைக் கூட்டுவது என்று ஆன பிறகு பாதிப் பேருக்குப் புரியாத மொழியில் பந்தி நடத்தலாமா?

போன வருஷம் புதுச்சேரியில் ஒரு கழகம் (பெயர் வேண்டாம்) ஒரு நகைச்சுவைப் படம் போட்டபோது நடந்ததைச் சொல்கிறேன். என்னோடு கடலூரிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர், இரண்டு பேர் கல்லூரி மாணவிகள், இன்னொருவர் வீடியோ எடுப்பவர், கேமராவைப் பற்றி எனக்குப் பாடம் நடத்தக்கூடியவர். முன்வரிசைகள் சிரிக்கும், இரண்டு விநாடி கழித்து எங்கள் வரிசையில் ஒரு சின்னச் சிரிப்பு வரும், அது படத்தைப் பார்த்து வந்த சிரிப்பு இல்லை, சிரிப்பவர்களைப் பார்த்து வந்தது. இடைவேளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. வீடியோ நண்பர் கைகளைக் கட்டிக்கொண்டு, தப்பான கல்யாண மண்டபத்துக்குள் வந்துவிட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் கலந்துரையாடலுக்கு இருக்கச் சொன்னேன், "இல்லீங்க, பஸ்ஸு போயிடும்" என்று எழுந்துவிட்டார். அதற்கப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் அவர் வரவில்லை. சோகப் படத்தை மொழி தெரியாமலே ஓரளவு பார்த்துவிடலாம், ஒரு முகம் போதும். நகைச்சுவை அப்படி இல்லை. பக்கத்தில் இருப்பவன் சிரிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் அந்த இடத்தில் நாம் வெளியாள் ஆகிவிடுகிறோம்.

புதுச்சேரிக்கு இது புதிதில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளைக்காரர் பகுதி, மேற்கே தமிழர் பகுதி என்று கோடு போட்டு வளர்ந்த ஊர் இது. இன்றைக்கு அந்த வாய்க்காலை யார் வேண்டுமானாலும் தாண்டலாம், ஆனால் உலக சினிமா என்று வந்தால் இன்னமும் அது கிழக்குப் பக்கத்தில்தான் ஓடுகிறது. நீங்கள் வேண்டுமென்று செய்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. படம் வருகிறது, அதோடு ஒரு ஆங்கில சப்டைட்டில் வருகிறது, அப்படியே போட்டுவிடுகிறோம், பழக்கம் அப்படி ஆகிவிட்டது.

'வாட்டர்ஸ் படமெல்லாம் நம் ஜனங்களுக்கு ஒத்துவராது, ரொம்ப அதிகப்படி' என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இதை நான் முழுசாக மறுக்கிறேன். அதிகப்படியான சிரிப்பு நமக்குத் தெரியாததா? என் பெரியப்பா நெல்லிக்குப்பம் பக்கத்தில் நாற்பது வருஷம் கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். ராஜா திரைக்குப் பின்னால் நின்று வீராப்பாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே கட்டியங்காரன் அவரை 'யாருய்யா நீ, எந்த ஊரு, எதுக்கு இந்த நேரத்துல கத்துற' என்று கேட்பார். துரியோதனன் வாயாலேயே ஊர்ப் பெரிய மனுஷனின் வண்டவாளத்தைச் சொல்ல வைப்பார், அந்தப் பெரிய மனுஷன் முன்வரிசையில் கட்டில் போட்டுப் படுத்திருப்பார். சாணி, மூத்திரம், படுக்கையறை, எதையும் விட்டுவைக்காத பேச்சு, குழந்தைகளும் கிழவிகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கிற பேச்சு. விடியற்காலை அதே கூட்டம் திரௌபதிக்குக் கை கூப்பும். ஆம்பளை புடவை கட்டிப் பாஞ்சாலியாக வந்தால் நம் கிராமத்தில் யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. நாடகத்தில் ஸ்திரீபார்ட் போட்டவர்களுக்குத் தனி ரசிகர் கூட்டமே இருந்த மண் இது. தமிழ் நாடகத்தை உருவாக்கிய சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் கண் மூடியது இந்தப் புதுச்சேரியில்தான், அடக்கம் ஆனது கருவடிக்குப்பத்தில். புதுச்சேரி அரசு திரைப்பட விழாவில் கொடுக்கிற விருதுக்கும் அவர் பெயர்தான். அவர் பெயரில் விருது கொடுக்கிற ஊரில், புடவை கட்டிய ஆணைப் பார்த்தால் ஜனங்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம்.

போன பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டில் என் டிவிடியைப் போட்டு, 'சீரியல் மாம்' படத்தை அவருக்கு வரிக்கு வரி சொல்லிக்கொண்டே காட்டினேன். 1994-இல் வந்தது, கேத்லீன் டர்னர் நடித்தது. சுத்தமான வீடு, நல்ல புருஷன், இரண்டு பிள்ளைகள், சிரித்த முகம், எல்லாம் இருக்கிற ஒரு அம்மா, சின்னச் சின்ன ஒழுங்குகளை மீறுபவர்களைக் கொலை செய்துகொண்டே போவாள். வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டை ரீவைண்ட் பண்ணாமல் திருப்பிக் கொடுக்கும் கிழவியைக்கூட விடமாட்டாள். பெரியப்பா மோவாயைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார், அங்கங்கே "ம்" என்றார். வழக்கு நடக்கிறது. ஜூரிகளில் ஒரு பெண் வெள்ளை ஷூ போட்டு உட்கார்ந்திருக்கிறாள், குற்றவாளிக் கூண்டில் இருப்பவள் தன் உயிர் போகிற வழக்கை விட்டுவிட்டு அந்த ஷூவையே முறைக்கிறாள். அமெரிக்காவில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை தொழிலாளர் தினம், அது முடிந்த பிறகு வெள்ளை உடுத்தக் கூடாது என்று பழைய ஆட்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இதை நான் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், பெரியப்பாவுக்குப் பிடிபடவில்லை. படத்தை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தவர், "வெளக்கு வெச்சப்புறம் ஊட்டப் பெருக்குனா உங்க ஆயா கத்துவாளே, அந்த மாதிரியா?" என்றார்.

அதேதான். அதைவிடச் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

அப்புறம் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விடுதலை ஆன கையோடு அந்த அம்மா ஜூரிப் பெண்ணின் பின்னாலேயே போய் டெலிபோன் ரிசீவராலேயே அவளை அடிக்கும் இடம் வந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்கம்மாவா இருந்தா வெளக்கமாத்தாலயே போட்டிருப்பா" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார், பெரியம்மா அடுப்பங்கரையிலிருந்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். ரீவைண்ட் பண்ணி அந்த இடத்தை இன்னும் இரண்டு முறை போட வேண்டியிருந்தது. நான் இந்தப் படத்தை ஆறேழு முறை பார்த்தவன். ஒழுக்கம் என்று நாம் சொல்வதில் எவ்வளவு வெறி ஒளிந்திருக்கிறது என்பதுதான் படத்தின் விஷயம் என்று கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறேன். அது என் பாட்டியைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாளே சப்டைட்டில் வேலையைத் தொடங்கினேன். இதில் நீங்கள் அறிய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. ஷூ திரையில் தெரிகிறது, அதனால் சப்டைட்டிலில் விளக்குமாறு என்று எழுத முடியாது. அவள் முதல் முறை முறைக்கிற இடத்தில் வசனம் இல்லை, அந்த மௌனத்தில் 'தொழிலாளர் தினம் போனால் வெள்ளை ஆகாது, விளக்கு வைத்தால் துடைப்பம் ஆகாத மாதிரி' என்று ஒரே ஒரு குறிப்புப் போட்டிருக்கிறேன். அது உங்களுக்கு அதிகம் என்று பட்டால் எடுத்துவிட்டு, அறிமுக உரையில் தமிழில் சொல்லிவிடுங்கள், ஆனால் எங்காவது சொல்லியே ஆக வேண்டும். தமிழ்ச் சொல் நீளம், எழுத்தும் அகலம், ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்குவது தமிழில் மூன்று வரி போகும். மூன்று வரி படிப்பதற்குள் முகம் மாறிவிடும், சிரிப்பு போய்விடும். அதனால் வெட்டி வெட்டி எழுத வேண்டும். வசைச் சொற்களுக்கு டப்பிங் சேனல் பாணியில் 'அடக் கடவுளே' என்று எழுதாதீர்கள். அந்த அம்மா பக்கத்து வீட்டுக்காரிக்குப் போன் போட்டுப் பேசுகிற கெட்ட வார்த்தைகள்தான் அந்தக் காட்சியே, குழாயடியில் என்ன கேட்கிறோமோ அதைத்தான் எழுத வேண்டும், எழுதியிருக்கிறேன். இன்னொன்று, உங்கள் ப்ரொஜெக்டரோடு இருக்கும் கணினியில் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். பழைய மென்பொருளில் தமிழ் யூனிகோடு உடைந்து, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும், நடுவில் புள்ளி வட்டம் வேறு வரும். வேறொரு ஊரில் ஒரு திரையிடலில் இப்படி ஆகிப் படம் முழுக்க யாராலும் படிக்க முடியாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

முதல் நாள் 'ஹேர்ஸ்ப்ரே' போடுங்கள். 1988-இல் வந்த படம், வாட்டர்ஸ் படங்களில் வீட்டோடு சேர்ந்து பார்க்கக்கூடியது. 1962-இல் பால்டிமோரில் ஒரு தொலைக்காட்சி நடன நிகழ்ச்சி, வெள்ளைப் பிள்ளைகள் தினமும் ஆடலாம், கறுப்புப் பிள்ளைகளுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள். குண்டாக இருக்கும் ட்ரேசி என்ற பெண் அதில் ஆடப் போய், இந்தப் பிரிவினையை உடைக்கக் கிளம்புகிறாள். இது கற்பனை நிகழ்ச்சி இல்லை, பால்டிமோரில் அப்படி ஒன்று உண்மையிலேயே ஓடியது, சேர்ந்து ஆட விடுவதைவிட நிறுத்துவதே மேல் என்று 1964-இல் மூடப்பட்டது. நிஜத்தில் நடக்காமல் போனதை வாட்டர்ஸ் படத்தில் நடத்திக் காட்டினார். ஒரே பாட்டு, ஒரே ஆட்டம், ஆனால் சேர்ந்து ஆடக் கூடாது. டீக்கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இதில் எதையாவது விளக்க வேண்டுமா? இதற்குச் சப்டைட்டிலில் ஒரு குறிப்பும் நான் போடவில்லை.

அந்தப் படத்தில் ட்ரேசியின் அம்மாவாக வருபவர் டிவைன். ஆண், பெண் வேஷத்தில் வாட்டர்ஸின் படங்களைத் தூக்கி நிறுத்தியவர். வீட்டு வேலைக்கான தொளதொள உடையில், நம் வீட்டு நைட்டி போலவே இருக்கும், ஊரார் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு நிற்பார். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைக்காமலே மகளோடு சண்டை போடுவார். நம் சினிமாவில் ஆண் பெண் உடை போட்டால் அதுவே ஜோக், சுற்றி நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள், நம்மையும் சுளிக்கச் சொல்வார்கள், திருநங்கைகளை அப்படியே எத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறோம். இந்தப் படத்தில் ஒருவர்கூட அந்த அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்ப்பதில்லை. அவர் அம்மா, அவ்வளவுதான். சிரிப்பெல்லாம் அவருடைய பிடிவாதத்துக்கும் பாசத்துக்கும்தான். படம் வெளியாகி சில நாட்களில், 1988 மார்ச் 7 அன்று, 42 வயதில் டிவைன் இறந்துபோனார். கூவாகம் நமக்கு எட்டாத தூரமில்லை, கடலூரிலும் புதுச்சேரியிலும் திருநங்கைத் தோழிகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை நேரில் போய் அழையுங்கள், முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அவர்களில் எத்தனை பேர் ஆங்கில சப்டைட்டில் படிப்பார்கள் என்று யோசித்துப் பார்த்துவிட்டு அந்தக் கடைசி வரியை மாற்றுங்கள்.

இரண்டாம் நாள் 'பாலியெஸ்டர்'. 1981-இல் அந்தப் படத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுத்தார்கள், அதில் ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட வட்டங்கள். திரையில் ஒரு எண் மின்னும்போது அந்த வட்டத்தைச் சுரண்டி மோந்து பார்க்க வேண்டும். ரோஜா, பீட்சா, பெட்ரோல், அழுக்கு ஷூ, இன்னும் என்னென்னவோ. பழைய அட்டைக்கு அலைய வேண்டாம், நாமே செய்யலாம். பத்துச் சின்ன காகிதப் பொட்டலம், எண் எழுதி. பன்னீர் ரோஜா பெரிய மார்க்கெட்டில் கிடைக்கும், மற்றதெல்லாம் எந்த வீட்டிலும் கிடைக்கும். பொட்டலம் மடிக்க என்னோடு அந்த இரண்டு மாணவிகளும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மோந்து பார்ப்பது விளையாட்டு மட்டுமில்லை என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கடலூருக்குத் தெற்கே ஆலைகளை ஒட்டிய கிராமங்களில் எந்த நேரத்தில் என்ன வாடை வந்தது என்று குறித்து வைத்து, 2004-இல் வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். அழகான வீடு, உள்ளே நாற்றம் என்று ஒரு படம் சொன்னால் அவர்களைவிட நன்றாக யாருக்குப் புரியும்?

'பிங்க் ஃபிளமிங்கோஸ்' போட வேண்டாம் என்று உங்களுக்குள் விவாதம் நடப்பதாகவும் கேள்விப்பட்டேன். அதில் நான் உங்களோடு சண்டை போடமாட்டேன். அந்தப் படத்தின் கடைசிக் காட்சி பொதுவில் போடக்கூடியதில்லை, அப்படியே போடுவதானாலும் வயது வந்தவர்களுக்கு மட்டும், முன்கூட்டியே தெளிவாகச் சொல்லி, உரிய அனுமதி வாங்கிப் போடுங்கள். வெட்டி மட்டும் போடாதீர்கள். வெட்டிய வாட்டர்ஸ் யாருக்கும் வேண்டாம், அதற்குப் பதில் 'ஹேர்ஸ்ப்ரே'யை இரண்டு முறை ஓட்டலாம்.

அறிமுக உரைக்கு ஆள் இல்லை என்றால் நான் பேசுகிறேன். பதினைந்து நிமிஷம் போதும். ஆங்கிலமும் பிரெஞ்சும் பேசுகிற நண்பர்களைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, படத்திலேயே ஆங்கிலம் இருக்கிறது, அவர்களுக்குக் குறைவு ஒன்றும் வராது. 'சீரியல் மாம்' தமிழ் சப்டைட்டில் முடிந்துவிட்டது, 'ஹேர்ஸ்ப்ரே' முக்கால்வாசி முடிந்துவிட்டது, 'பாலியெஸ்டர்' தொடங்க வேண்டும். காசு எதுவும் வேண்டாம். உங்களில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தால் போதும், சில இடங்களில் எனக்கே திருப்தி இல்லை.

அப்புறம் நேரம். அறிவிப்பில் இரவு எட்டு மணி என்று இருக்கிறது. எட்டுக்குத் தொடங்கினால் பத்தரை ஆகும், கன்னியக்கோயில் தாண்டி கடலூர் போக வேண்டியவர்களும், பாகூர், கிருமாம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளும் பாதியிலேயே எழுந்து போக வேண்டியிருக்கும். பெண்பிள்ளைகளை வீட்டில் விடவே மாட்டார்கள். ஆறு மணிக்குத் தொடங்குங்கள், ஒன்பதுக்குள் எல்லோரும் பஸ் ஏறிவிடலாம்.

பெரியப்பா மூன்று நாளும் வருகிறேன் என்கிறார். தன்னோடு ஆடிய பழைய செட்டில் இன்னும் இரண்டு பேரை, ஒருவர் பெண் வேஷம் கட்டியவர், அழைத்து வரப்போகிறாராம். அவருக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. கீழ் வரிசையில் ஓரமாக மூன்று நாற்காலி ஒதுக்கி வையுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து உங்கள் பழைய உறுப்பினர்